பல் கட்டுபவனின் எஞ்சின்

என் கொழுந்தனுக்கு ஆட்களின் முகம் ஞாபகம் இருக்காது. பல் ஞாபகம் இருக்கும். கடைத்தெருவில் யாராவது அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனால், என் பக்கம் திரும்பி, "யாருன்னு தெரியல அண்ணி. ஆனா அந்த மேல்வரிசை நான் செஞ்சது" என்பான். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், இவன் அந்த அளவுக்குப் பல்செட் செய்து கொடுப்பான். இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் அவனுடைய பட்டறை. இருபத்தெட்டு வருடமாக அதுதான் பிழைப்பு. எங்கள் பகுதியில் வயதானவர்களில் பாதிப் பேர் அவன் புண்ணியத்தில்தான் மென்று சாப்பிடுகிறார்கள்.

பல் போக மீதி நேரமெல்லாம் ரயில். பொம்மை ரயில் என்று சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். "மாடல் அண்ணி, மாடல்" என்று திருத்துவான். சரி, மாடல். நிஜ வண்டியை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கினால் எவ்வளவு வருமோ அவ்வளவு. எஞ்சின் ஒரு சாண், சரக்குப் பெட்டி அரைச் சாண். எங்கள் வீட்டு மாடி அறையில் சுவரை ஒட்டி மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் தண்டவாளம் பதித்து வைத்திருக்கிறான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்திருந்தால் அந்த மேஜைகளை எங்கே போட்டிருப்பான் என்று எனக்குத் தெரியாது.

கடையில் வாங்கிய எஞ்சினை வாங்கியபடியே ஓட்டுவதை அவன் கேவலமாக நினைப்பான். டப்பாவைப் பிரித்த கையோடு மேல்கூட்டைக் கழற்றிவிடுவான். பிளாஸ்டிக் சக்கரத்தை எடுத்துவிட்டு இரும்புச் சக்கரம் போடுவான். உள்ளே ஈயத்துண்டு ஒட்டிக் கனம் கூட்டுவான். அப்போதுதான் எஞ்சின் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுமாம். வேகமாக ஓட்டுவது பெரிய வித்தை இல்லை, திக்காமல் திணறாமல் மெதுவாக ஓட்டுவதுதான் வித்தை என்பான். பல் ராவுகிற குட்டி டிரில்லாலேயே எஞ்சினின் மூக்கையும் ராவுவான். செய்து முடித்த பெட்டிகளைப் பல்செட் டப்பாக்களில் போட்டு வைப்பான். ஒருநாள் தூசி தட்டலாமே என்று நான் ஒரு டப்பாவைத் திறந்தேன். உள்ளே யாரோ ஒருவரின் கீழ்வரிசை என்னைப் பார்த்து இளித்தது. அன்றிலிருந்து அந்த அறையில் தரையைப் பெருக்குவதோடு நிறுத்திக்கொண்டேன்.

நிஜ ரயிலில் வேலை பார்க்கவேண்டும் என்பதுதான் அவனுடைய ஆசை. அண்ணன் எஞ்சின் டிரைவர், தம்பியும் டிரைவர் ஆகிவிடுவான் என்று வீட்டில் பேச்சு. கண் பரிசோதனையில் இவனுக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போது இருபது வயது. ஒரு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். எட்டாம் நாள் எழுந்து பல் வேலை கற்றுக்கொள்ளப் போனான். பல்லில் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

ஆனால் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் பெயின்ட் அடிக்க என் தயவு வேண்டும். "அண்ணி, ஒரு நிமிஷம்... இது என்ன கலர்?" என்று மாடியிலிருந்து குரல் வரும். அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுப் போவேன். நான் வெளியே போயிருந்த ஒரு நாள், அவசரப்பட்டு ஒரு சரக்குப் பெட்டிக்குத் துருக்கறை தீற்றியிருந்தான். பழைய வண்டி மாதிரி தெரிவதற்காக அப்படிக் கறை தீற்றுவது மாடல் செய்பவர்கள் வழக்கம். நான் வந்து பார்த்தால் பெட்டி முழுக்கப் பாசி பிடித்துக் கிடக்கிறது. "ஏண்டா, இது தண்டவாளத்துல ஓடின வண்டியா, குளத்துல முங்கின வண்டியா?" என்றேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

என் வீட்டுக்காரர் கதை வேறு. அவர் முப்பது வருடம் எஞ்சின் ஓட்டினார். சரக்கு வண்டி இழுக்கும் டீசல் எஞ்சின். அவர் வேலை பார்த்த ஷெட்டில் மொத்தமே நாலு எஞ்சின்கள். கடைசிப் பதினாறு வருடமும் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் அவர் கைக்கு வந்தது. பிறகு சர்க்கரை வியாதி கண்ணில் இறங்கியது. வருடாந்தரப் பரிசோதனைக்குப் போனவரை, இனி வண்டியில் ஏறக்கூடாது என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்தே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எஞ்சினில் இருந்த டார்ச், துண்டு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் உதவி டிரைவர் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். இவர் அதைத் திறக்கவே இல்லை. அடுத்த இரண்டு வருடத்தில் பார்வை முழுவதும் போய்விட்டது.

போனது கண் மட்டும் என்றால் நான் சமாளித்திருப்பேன். ஆளே போய்க்கொண்டிருந்தார். முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். சாப்பிடு என்றால் சாப்பிடுவார், படு என்றால் படுப்பார். மகள் போன் செய்தால் "நல்லா இருக்கேன்" என்று இரண்டே வார்த்தை சொல்லி என்னிடம் நீட்டிவிடுவார். தூரத்தில் ரயில் சத்தம் கேட்டால் கையால் தடவிப் போய் ஜன்னலைச் சாத்துவார். அது ஒன்றுதான் அவராக எழுந்து செய்கிற வேலை. பதினோரு மாதம் இப்படி. நானும் கெஞ்சிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். ஒரே அறையில் இருக்கிற மனுஷன் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு, அவருக்கே பத்தியம் பார்த்துச் சமைக்கவேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. அவர் எனக்குத் திரும்ப வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது.

அதைக் கொழுந்தனிடம்தான் சொன்னேன். கேட்டுவிட்டு மாடிக்குப் போனான். இரண்டு நாள் கழித்து வந்து, "அண்ணனோட வண்டியையே அண்ணன் கையில குடுத்துடறேன் அண்ணி" என்றான்.

ஏறக்குறைய அதே சாயலில் ஒரு எஞ்சின் கடையில் கிடைத்தது. ஏறக்குறைய என்பது அவன் அகராதியில் கெட்ட வார்த்தை. மூக்கை அறுத்துக் குட்டையாக்கினான். கூரையைப் பெயர்த்து உயர்த்தினான். புகைக்குழாயை இடம் மாற்றினான். ரயில்வேயின் பழைய வரைபடங்களை எங்கிருந்தோ வாங்கி வந்து சுவரில் ஒட்டி, படியிலிருந்து ஆணித்தலை வரைக்கும் அளந்து அளந்து செய்தான். ஏறுவதற்கான கைப்பிடிகளைத் தலைமுடி கனத்துக்குப் பித்தளைக் கம்பியில் வளைத்தான். ஏழு மாதம் ஆயிற்று. நிறத்தை நான் சொல்லச் சொல்ல அடித்தான், நம்பரைப் பூதக்கண்ணாடி வைத்து எழுதினான்.

இவர் கையில் வைத்தான். "அண்ணா, உங்க வண்டி."

இவர் விரல் மூக்கிலிருந்து ஆரம்பித்து மெதுவாகப் போயிற்று. டிக் என்று ஒரு சத்தம். கைப்பிடி ஒடிந்துவிட்டது. விரலைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தார். அங்கேயும் டிக்.

"உடைச்சுட்டேன்" என்றார். "எடுத்துட்டுப் போடா. கண்ணு இருக்கறவங்களுக்குக் காட்டு."

கொழுந்தன் ஒடிந்த துண்டுகளையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனான். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. யார்மேல் ஆத்திரம் என்று தெரியாமல் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். ஏழு மாதம் உழைத்தவன்மேலா, ஏழு நொடியில் உடைத்தவர்மேலா?

மறுநாள் அவனே வந்து, "தப்பு என்மேலதான் அண்ணி" என்றான். "பல்லு செய்யறவன் நான். பார்க்க எவ்வளவு அழகா இருந்தாலும், வாயில போட்டுக்கிட்டு ஒரு இடம் உறுத்துதுன்னு சொன்னா அது பல்லே இல்ல. இதுல மட்டும் கண்ணுக்குச் செஞ்சுட்டேன். விரலுக்குச் செஞ்சிருக்கணும்."

உடனே எஞ்சினைப் பிரித்தான். பித்தளைக் கம்பிகளைப் பிடுங்கிவிட்டு, எடுப்பான பல்லை உள்ளே தள்ள டாக்டர்கள் கட்டுவார்களே, அந்தக் கம்பியைப் போட்டான். வளைந்தாலும் ஒடியாது. ஆணித்தலைகள் விரலுக்குத் தட்டுப்படும்படி பெரிதாக்கினான். அழகான பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சொரசொரப்பில்லாத கறுப்பு ஒன்றை அடித்தான். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்றான்.

இதற்காக அவன் பேச்சும் வாங்கினான். மாதம் இரண்டு முறை அவனைப் போன்ற ஏழெட்டுக் கிறுக்கர்கள் ஒரு தையல் கடை மாடியில் கூடுவார்கள். அங்கே அளவுதான் எல்லாம். அரை மில்லிமீட்டர் தப்பினாலும் ஆளை வறுத்து எடுத்துவிடுவார்கள். அவர்களில் வங்கியில் வேலை பார்க்கிற ஒருவர் இவனுடைய புதுக் கைப்பிடியை அளந்துவிட்டு, "இதை எண்பத்தேழு மடங்கு பெருசாக்கிப் பாருங்க. டிரைவர் இதைப் பிடிச்சு ஏற முடியாது, கட்டிப்பிடிச்சுத்தான் ஏறணும்" என்றாராம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லிச் சிரித்தான். ஆனால் அன்றைக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. பதினைந்து வருடமாக அந்த மாடியில் அளவு தப்பாதவன் என்று பெயர் எடுத்தவன் அவன்.

இந்தத் தடவை எஞ்சினைக் கையில் கொடுக்கவில்லை. இவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ரேடியோ இருக்கும் சின்ன மேஜையில் வைத்துவிட்டு, "இங்க வச்சிருக்கேண்ணா" என்று மட்டும் சொல்லி வேலைக்குப் போய்விட்டான். இரண்டு நாள் இவர் தொடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் நான் சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றுவிட்டேன். எஞ்சின் அவர் மடியில் இருந்தது. விரல்கள் படியில் ஏறின, கைப்பிடியைப் பிடித்தன, கூரைமேல் போய்வந்தன. கால் மணி நேரம் இருக்கும். பிறகு இருந்த இடத்தில் வைத்தார்.

மாலையில் தம்பி வந்ததும் அவராகவே பேசினார். "நல்லா செஞ்சிருக்கடா. ஆனா இது என் வண்டி இல்ல."

"என்ன குறைண்ணா?"

"குறை ஒண்ணும் இல்ல. விடு."

அவர் வாயிலிருந்து அவ்வளவுதான் வந்தது. கொழுந்தன் வரைபடங்களை மறுபடி விரித்தான், போட்டோக்களைத் துருவினான். எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் காலையில் அவன் ஒரு காரியம் செய்தான். பல் பட்டறையிலிருந்து மாவு போன்ற வெள்ளைப் பொடி கொண்டுவந்து, மெத்தென்ற பிரஷ்ஷால் அந்தக் கறுப்பு எஞ்சின்மேல் தெரிந்தும் தெரியாமலும் தூவினான். எதற்கு என்று கேட்டேன். புதுப் பல் உறுத்துகிறது என்பார்கள், எங்கே என்று சொல்லத் தெரியாது. அப்போது ஒரு நீலத் தாளைக் கடிக்கச் சொன்னால் உறுத்துகிற இடத்தில் மட்டும் நீலம் ஒட்டிக்கொள்ளும். அதுபோல அண்ணன் விரல் எந்த இடத்தில் பொடியைத் துடைக்கிறதோ அந்த இடத்தில்தான் குறை என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. "கண்ணு தெரியாதவரை ஏமாத்தறியாடா?"

"ஏமாத்தல அண்ணி. வாய் திறந்து சொல்ல மாட்டேங்கறவங்ககிட்ட இப்படித்தான் கேக்க முடியும்."

அன்று மத்தியானமும் இவர் எஞ்சினை எடுத்தார். மாலையில் கொழுந்தன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினான். மேலெல்லாம் லேசான விரல் தடங்கள். ஆனால் டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே ஓர் இடம் மட்டும் பளிச்சென்று கறுப்பாக இருந்தது. அங்கே தேய்த்துத் தேய்த்துத் தேடியிருக்கிறார்.

"இங்க ஒண்ணுமே கிடையாது அண்ணி. வரைபடத்துல இல்ல, போட்டோவுல இல்ல. என்னத்தைத் தேடறாரு?"

இடது பக்க ஜன்னல். டிரைவரின் இடது முழங்கை வருகிற இடம். முழங்கை என்று நினைத்ததும் எனக்குச் சட்டைகள் ஞாபகத்துக்கு வந்தன. ஒரு காலத்தில் இவர் சட்டை எல்லாவற்றிலும் இடது முழங்கை மட்டும் நைந்து வரும். ஜன்னல் விளிம்புத் தகரம் கிழிக்கிறது என்பார். "மத்த டிரைவருக்கெல்லாம் முழங்கையே இல்லையா?" என்று திட்டிக்கொண்டே ஒட்டுப் போட்டுத் தைப்பேன். பிறகு ஒரு சமயத்தில் சட்டை நைவது நின்றுவிட்டது. நைந்தபோது திட்டத் தெரிந்த எனக்கு, நின்றதைக் கவனிக்கத் தெரியவில்லை. ஏன் நின்றது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் காய் நறுக்கும் பலகை கீழே விழுந்து இரண்டாகப் பிளந்தது. குப்பையில் போட எடுத்து வைத்ததில், ஆணியில் மாட்டுவதற்கு ஓட்டை இருந்த பாதியை இவர் எடுத்துக்கொண்டார். வண்டியில் ஒரு வேலைக்கு ஆகும் என்றார். அதோடு மறந்துவிட்டேன். நின்றபடியே இதைக் கொழுந்தனிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் சமையலறையில் உடைந்த ஒன்று பதினாறு வருடம் அவர் கையைத் தாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறது, எனக்குத் தெரியாமலேயே.

"எவ்வளவு நீளம் அண்ணி? ஓட்டை எந்த ஓரம்?" என்று அவன் கேட்டான். கையை விரித்துக் காட்டினேன். கணக்குப் போட்டான். எண்பத்தேழில் ஒரு பங்கு என்றால் பலகை ஒரு அரிசி நீளம்கூட வராது. ஓட்டை ஊசிமுனையைவிடச் சின்னது. விரலுக்குத் தெரியவே தெரியாது. கணக்குப் போட்ட தாளைக் கசக்கிப் போட்டான்.

"அளவு போனா போகுது" என்றான்.

நல்ல மரத்தில் ஒரு சீவல் எடுத்து, வரவேண்டிய அளவுக்கு மூன்று மடங்காகச் செதுக்கினான். ஓட்டையை அதற்கும் மேலே பெரிதாகப் போட்டான். விளிம்பைப் பல் ராவுவதுபோல மெருகேற்றி, இடது ஜன்னலுக்குக் கீழே ஒட்டினான். பார்ப்பதற்கு அது எஞ்சினின் காதில் யாரோ பென்சிலைச் செருகிய மாதிரி இருந்தது. தையல் கடை மாடிக்கு இதைக் கொண்டுபோனால் ஆளையே வெளியே தள்ளிவிடுவார்கள் என்று அவனே சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எஞ்சினை இவர் மடியில் வைத்தான். கட்டைவிரல் நேராக ஜன்னலுக்குத்தான் போயிற்று. போய் அப்படியே நின்றது. நகம் ஓட்டையைக் கண்டுபிடித்தது.

"பலகை" என்றார்.

பிறகு நான் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி, "உன் பலகைடி இது" என்றார். "கழட்டி எடுத்துட்டு வந்துடணும்னு நெனச்சிருந்தேன். அதுக்குள்ள இறக்கி விட்டுட்டாங்க. அந்தப் பையில அது இருக்காதுன்னு எனக்குத் தெரியும். யாருக்கு அது ஒரு பொருளாத் தெரியும்? வெறும் கட்டைதானேன்னு விட்டிருப்பாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"போயும் போயும் ஒரு பலகைக்கு அழறான்னு நீ நெனப்பியே."

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டேன். வயசான காலத்தில் கொழுந்தன் முன்னால் இப்படி உட்கார்வதா என்று தோன்றவில்லை. அவன் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து இவர், "டேய், இது ஓடுமா, சும்மா பார்க்கறதுக்கா?" என்றார்.

"ஓடும்ணா. ஆனா நீங்க மேல வரணும்."

ஒன்றரை வருடத்துக்கும் மேலாக வாசற்படி தாண்டாதவர் எழுந்தார். நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். ஒரு கையில் எஞ்சின், ஒரு கை சுவரில். பதினான்கு படி. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு ஏறினார்.

மேஜை ஓரமாக நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். கொழுந்தன் எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்துப் பெட்டிகளைக் கோத்தான். "பெட்டி எத்தனை?" என்று இவர் கேட்டார். ஒன்பது என்றான். "சரி, எடு." கொழுந்தன் வேகத்தைக் கூட்டும் குமிழைத் திருப்பினான். வண்டி அசைந்து கிளம்பியது. இரும்புச் சக்கரம் தண்டவாள இணைப்பில் ஏறி இறங்கும் சத்தம் சின்னதாக, ஒழுங்காகக் கேட்டது. இவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். இடது முழங்கையைத் தூக்கி மேஜை விளிம்பில் வைத்துக்கொண்டார்.

"நீ எஞ்சின்ல ஏறினதே இல்லல்ல?" என்று என்னைக் கேட்டார்.

"வெளி ஆளை ஏத்தக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

"இப்ப ஏறிக்க. இந்தப் பக்கம் வா, இங்கேருந்து பார்த்தாத்தான் தெரியும்."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் சொல்ல ஆரம்பித்தார். இதோ செங்கல் சூளை, இரண்டு புகைபோக்கி, ஒன்று உடைந்தது. அதைத் தாண்டினால் ஒரு பள்ளிக்கூடம். வேலியோரம் ஒரு கும்பல் கையாட்டும், இவர் ஒரு ஹாரன் கொடுப்பாராம். அந்த மஞ்சள் வீட்டு மாடியில் எப்போது போனாலும் ஒரு நாய் படுத்திருக்கும், வண்டியைப் பார்த்துத் தலையைக்கூடத் தூக்காது, திமிர். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் இதில் ஒன்றைக்கூட அவர் எனக்குச் சொன்னதில்லை. வேலை முடிந்து வந்தால் சாப்பாடு, குளியல், தூக்கம். நானும் கேட்டதில்லை. இப்போது விடாமல் சொல்லிக்கொண்டு போனார், நான் இடமும் வலமும் பார்த்துக்கொண்டு போனேன்.

"டேய், பாலம் வருது. குறை" என்றார் திடீரென்று.

கொழுந்தன் என்னைப் பார்த்தான். அந்த மேஜையில் ஒரு ஸ்டேஷன், நாலு வளைவு, ஒரு சரக்குக் கொட்டகை அவ்வளவுதான். பாலம் கிடையாது.

"சரிண்ணா" என்று சொல்லிக் குமிழை மெல்லப் பின்னுக்குத் திருப்பினான். வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்து, வெறும் மேஜைமேல் ஊர்ந்து போயிற்று.

"கீழ தண்ணி நெறைய போகுது" என்றார் இவர். "பயமா இருந்தா கையைப் பிடிச்சுக்க."

பிடித்துக்கொண்டேன். "தாண்டிட்டோம்" என்று அவர் சொல்கிற வரைக்கும் கொழுந்தன் வேகத்தைக் கூட்டவில்லை.